ஃபேனைக் கழற்றிவிட்டால் ப்ராசஸர் தானாகக் குளிருமா?

உங்கள் கேள்வி சுருக்கமாக இதுதான்: “65 வாட் ப்ராசஸர் வைத்திருக்கிறேன். ஃபேன் சத்தம் எரிச்சலாக இருக்கிறது. சூடான காற்று தானாக மேலே போகும் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அப்படியானால் ஃபேனைக் கழற்றிவிட்டு ஹீட் சிங்க்கை மட்டும் விட்டுவைத்தால் இயற்கை வெப்பச்சலனமே போதாதா? கட்டாய வெப்பச்சலனம் எதற்கு?” (ஹீட் சிங்க் என்பது ப்ராசஸரின் தலையில் உட்கார்ந்து, அதன் சூட்டை வாங்கிக் காற்றுக்குக் கொடுக்கும் தகடுகள் கொண்ட உலோகக் கட்டி. சூடான காற்று தானாக ஏறி வெப்பத்தை எடுத்துப் போவது இயற்கை வெப்பச்சலனம், ஃபேன் தள்ளும் காற்று எடுத்துப் போவது கட்டாய வெப்பச்சலனம்.) உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. காற்று தானாக நகர்ந்து எவ்வளவு வெப்பத்தை எடுத்துப் போகும் என்பது ஒன்று. ஃபேனுக்காகச் செய்த ஹீட் சிங்க், ஃபேன் இல்லாமலும் வேலை செய்யுமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு, போதுமான இடம் கொடுத்தால் 65 வாட்டைக்கூடச் சமாளிக்கலாம் என்பது பதில். இரண்டாவதற்கு, செய்யாது என்பதே பதில். பலரும் தடுக்கி விழுவது இந்த இரண்டாவதில்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். மின்னணுக் கருவிகளுக்கான பெட்டிகளில் வெப்பம் எப்படி வெளியேற வேண்டும் என்று திட்டமிடுவதும் சோதிப்பதும் பல ஆண்டுகளாக என் வேலை. அவற்றில் பெரும்பாலானவை ஃபேன் இல்லாத பெட்டிகள்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் தள்ளி வைத்துவிடலாம். ஃபேன் குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை. எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அது ப்ராசஸரை அறை வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோக முடியாது. ஃபேன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வெப்பம் வெளியேறும் வழி ஒன்றுதான்: உலோகத்திலிருந்து காற்றுக்கு, பிறகு அந்தக் காற்றோடு வெளியே. உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்று, எப்பேர்ப்பட்ட புயலிலும், உலோகத்தின் மேல் அசையாமல்தான் நிற்கிறது. அதற்கு மேலே உள்ளது மெதுவாக நகர்கிறது, இன்னும் தள்ளி இருப்பது வேகமாக நகர்கிறது. இப்படி வேகம் குறைந்து நிற்கும் பகுதிக்கு எல்லைப்படலம் என்று பெயர். வெப்பம் இந்தப் படலத்தைக் கடந்துதான் ஆக வேண்டும். காற்றோ மகா மோசமான கடத்தி. அதன் வெப்பக் கடத்துதிறன் சுமார் 0.026 என்றால், அதே அலகில் அலுமினியத்துக்குச் சுமார் 200, செம்புக்குச் சுமார் 400. எனவே உங்கள் ஹீட் சிங்க் செம்பா அலுமினியமா என்பதைவிட, அதன் மேல் ஒட்டியிருக்கும் காற்றுப் படலம் எவ்வளவு தடிமன் என்பதே பெரிய விஷயம். ஃபேன் செய்வது அந்தப் படலத்தை மெலிதாக்குவதுதான்.

இதற்கு எண் கொடுத்துப் பார்க்கலாம். ஒரு சதுர மீட்டர் பரப்பு, காற்றைவிட ஒரு டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் எத்தனை வாட் போகும் என்பதை வெப்பப் பரிமாற்றக் குணகம் என்பார்கள். காற்றில் இயற்கை வெப்பச்சலனத்துக்கு, ஹீட் சிங்க் போன்ற பொருள்களில், இது பெரும்பாலும் 5 முதல் 10 வரை. ஃபேன் வைத்தால் 25-இல் தொடங்கி நூறைத் தாண்டியும் போகலாம். சாதாரண ப்ராசஸர் கூலரில் 40 அளவு என்று வைத்துக்கொள்ளலாம். 6 என்ற மதிப்பை அசையாத காற்றுப் படலமாக மாற்றிப் பார்த்தால் 4 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வரும். 40 என்றால் முக்கால் மில்லிமீட்டர்கூட இல்லை. வித்தியாசம் முழுக்க இந்த மூன்றரை மில்லிமீட்டர் காற்றில் இருக்கிறது.

இப்போது உங்கள் 65 வாட்டுக்கு வருவோம். தகடுகள் சுற்றியுள்ள காற்றைவிட 40 டிகிரி சூடாக இருக்கலாம் என்று அனுமதித்தால், ஃபேனோடு தேவைப்படும் பரப்பு சுமார் 0.04 சதுர மீட்டர். ஓர் ஏ4 தாளின் ஒரு பக்கத்தில் மூன்றில் இரண்டு பங்கு. ஃபேன் இல்லாமல் சுமார் 0.27 சதுர மீட்டர், அதாவது நான்கு ஏ4 தாளுக்கும் மேல். இது தோராயக் கணக்கு, முப்பது சதவீதம் அங்கே இங்கே போகலாம். ஆனால் ஆறு ஏழு மடங்கு என்ற விகிதம் மாறாது. ‘சரி, என் ஹீட் சிங்க்கில் ஐம்பது தகடு இருக்கிறது, கூட்டினால் நான்கு தாளுக்கு மேலேயே வருமே’ என்று உடனே தோன்றும். அங்கேதான் சிக்கல்.

ஃபேனுக்காகச் செய்த ஹீட் சிங்க்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். தகடுகளுக்கு இடையே உள்ள இடைவெளி சுமார் 2 மில்லிமீட்டர்தான் இருக்கும். ஃபேன் காற்றை அழுத்தித் தள்ளுவதால் அந்தச் சந்துகளில் காற்று ஓடுகிறது. ஃபேனை நிறுத்தினால்? இயற்கை வெப்பச்சலனத்தில் ஒரு செங்குத்துத் தகட்டின் மேல் 5 சென்டிமீட்டர் உயரம் போவதற்குள் எல்லைப்படலத்தின் முழுத் தடிமன் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டிவிடும். இரண்டு பக்கத் தகடுகளிலிருந்தும் வளரும் படலங்கள் அந்த 2 மில்லிமீட்டர் சந்துக்குள் நுழைந்த உடனேயே ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. பிறகு சந்துக்குள் இருப்பது காற்றோட்டம் இல்லை, சூடேறித் தேங்கி நிற்கும் காற்று. கணக்கில் ஐம்பது தகடு இருந்தாலும், வேலை செய்வது வெளி விளிம்புகளும் இரண்டு ஓரத் தகடுகளும்தான். அதனால்தான் ஃபேன் இல்லாமல் வேலை செய்ய வேண்டிய ஹீட் சிங்க்குகளில் 6 முதல் 10 மில்லிமீட்டர் வரை இடைவெளி விடுகிறோம். பார்க்க ‘பாதித் தகட்டைப் பிடுங்கிவிட்டார்களோ’ என்றுகூடத் தோன்றும். ஆனால் அந்தக் காலி இடம்தான் காற்று போகும் வழி.

ஓர் ஊதுபத்தியின் புகையைப் பக்கத்தில் பிடித்தால் இது கண்ணுக்கே தெரியும். (சாம்பல் உள்ளே விழாத தூரத்தில் பிடியுங்கள்.) நான் இன்றும் புதிதாக வரும் இளைஞர்களுக்கு முதலில் காட்டுவது இதைத்தான். அகலமான இடைவெளி உள்ள ஹீட் சிங்க்கின் அடியில் பிடித்தால், புகை ஒரு கணம் தயங்கி, பிறகு நூல் பிடித்தாற்போல் தகடுகளுக்கு இடையே ஏறி மேலே வெளியே வரும். நெருக்கமான தகடுகளின் அடியில் பிடித்தால், அதே புகை வாசலில் திரும்பிக்கொண்டு வெளிப்பக்கமாகச் சுற்றிப் போய்விடும்.

புகை ஏன் அப்படிப் பணிந்து போகிறது என்பதற்கும் ஒரு எண் உண்டு. சூடான காற்று மேலே போவது உண்மைதான், ஆனால் அதைத் தள்ளும் விசை மிகச் சிறியது. 30 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு காற்றுத் தூண், சுற்றுப்புறத்தைவிட 20 டிகிரி சூடாக இருந்தால் கிடைக்கும் அழுத்த வேறுபாடு சுமார் 0.2 பாஸ்கல். சாதாரண 120 மில்லிமீட்டர் ஃபேன் பத்து, இருபது பாஸ்கல் அழுத்தம் தரும். கிட்டத்தட்ட நூறு மடங்கு. 0.2 பாஸ்கலை வைத்துக்கொண்டு, உராய்வே இல்லை என்று கற்பனை செய்தால்கூட, காற்று வினாடிக்கு 0.6 மீட்டர் வேகத்தைத்தான் எட்டும். நடைமுறையில் அதில் பாதியோ அதற்கும் குறைவோதான். ஆகவே இயற்கை வெப்பச்சலனத்துக்கு வழியில் எந்தத் தடங்கலும் கூடாது. கேபினெட்டின் தூசி வடிகட்டி, குறுக்கே ஓடும் கேபிள், மேலே வைத்த புத்தகம் எல்லாமே அதற்குச் சுவர்தான். ஃபேன் இவற்றைப் பொருட்படுத்தாது.

எந்தப் பக்கம் திருப்பி வைக்கிறோம் என்பதும் இதனால் முக்கியமாகிறது. தகடுகள் செங்குத்தாக, சந்துகள் கீழிருந்து மேலாகத் திறந்திருக்க வேண்டும். தகடுகள் தரையைப் பார்த்துத் தொங்கினால் அதுதான் மிக மோசமான நிலை. ஒருமுறை ஃபேன் இல்லாத ஒரு சிறு பெட்டி, சோதனை மேசையில் நன்றாக ஓடியது, பொருத்திய இடத்தில் மட்டும் அளவுக்கு மீறிச் சூடானது. இரண்டு நாள், சிப்புக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே பூசும் தெர்மல் பேஸ்ட்டையும் மென்பொருளையும் சந்தேகித்தோம். கடைசியில் பார்த்தால், சுவரில் மாட்டியவர்கள் இட வசதிக்காகப் பெட்டியைத் தொண்ணூறு டிகிரி திருப்பி மாட்டியிருந்தார்கள். சந்துகள் பக்கவாட்டில் படுத்துக்கிடந்தன. நிமிர்த்தி மாட்டியதும் அரை மணி நேரத்தில் பத்து டிகிரி இறங்கியது. அதன் பிறகு, எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்று ஓர் அம்புக்குறியைப் பெட்டியிலேயே அச்சிட்டுவிடுகிறேன்.

ஃபேன் இருக்கும்போது இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. ‘சூடு மேலே போகும், அதனால் ப்ராசஸர் ஃபேன் மேல்நோக்கித்தான் ஊத வேண்டும்’ என்று அடித்துச் சொல்பவர்கள் நிறையப் பேர். சூடான காற்றை மேலே தூக்கும் மிதப்பு விசைக்கும் ஃபேன் தள்ளும் விசைக்கும் உள்ள விகிதத்தை ரிச்சர்ட்சன் எண் என்ற ஒன்றால் அளக்கிறோம். 10 சென்டிமீட்டர் ஹீட் சிங்க், 40 டிகிரி வேறுபாடு, வினாடிக்கு 2 மீட்டர் காற்று என்று போட்டால் அது 0.03 வரும். அதாவது சூடான காற்றின் மேலேறும் ஆசை ஃபேனுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. கீழே ஊதினாலும் பக்கத்தில் ஊதினாலும் அது பாட்டுக்குப் போகும். ஆனால் காற்றின் வேகத்தை வினாடிக்கு 0.3 மீட்டராகக் குறைத்தால் அதே எண் 1.4 ஆகிறது. அங்கே இரண்டு விசைகளும் சம பலத்தில் நிற்கின்றன. அந்த வேகத்தில் மேலிருந்து கீழே ஊதினால், ஒன்றையொன்று எதிர்த்து, ஃபேன் இருந்தும் பயன் குறையும். மெதுவாகச் சுற்றும் ஃபேன் வைப்பவர்கள் மட்டும் திசையைக் கவனிக்க வேண்டும்.

இயற்கை வெப்பச்சலனத்துக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. சூடு கூடினால் காற்றின் ஓட்டமும் தானாகக் கூடும். வெளியேறும் வெப்பம், வெப்பநிலை வேறுபாட்டின் 1.25 அடுக்குக்கு ஏற்ப உயரும். அதனால் வாட் இரண்டு மடங்கானால் வேறுபாடு இரண்டு மடங்காகாது, சுமார் 1.75 மடங்கில் நின்றுவிடும். ஃபேன் ஒரே வேகத்தில் சுற்றினால் வாட் இரண்டு மடங்குக்கு வேறுபாடும் அப்படியே இரண்டு மடங்கு. ஆனால் இதையே நம்பி உட்காரக் கூடாது, 40 டிகிரி 70 ஆவதும் பெரிய ஏற்றம்தான்.

இன்னொரு துணை கதிர்வீச்சு. ஃபேன் உள்ள கூலரில் இதைக் கணக்கில் சேர்ப்பதே வீண். ஃபேன் இல்லாதபோது, நன்றாகக் கதிர்வீசும் ஒரு மேற்பரப்பிலிருந்து கிடைப்பது சதுர மீட்டருக்கு, டிகிரிக்கு 5, 6 வாட், கிட்டத்தட்ட இயற்கை வெப்பச்சலனத்துக்குச் சமம். பளபளப்பான அலுமினியம் மிகக் குறைவாகவே கதிர்வீசும். அனோடைஸ் செய்த, அதாவது மின்வேதி முறையில் ஆக்சைடு படலம் ஏற்றிய, மேற்பரப்பு அதைப்போலப் பல மடங்கு. ஆனால் தகடுகளுக்கு நடுவே உள்ள பகுதி ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருப்பதால் அங்கிருந்து கதிர்வீச்சு தப்பிப் போகாது, வெளித்தோற்றத்தின் பரப்பு மட்டுமே கணக்கு. இங்கே நிறம் முக்கியமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த வெப்பநிலையில் வெளிவருவது அகச்சிவப்புக் கதிர். கறுப்பு பெயின்ட்டும் வெள்ளை பெயின்ட்டும் அதில் ஏறக்குறைய ஒன்றுதான்.

எடையின்மை நிலவும் இடத்தை நினைத்துப் பார்த்தால் இரண்டு வகைக்கும் உள்ள வேறுபாடு பளிச்சென்று விளங்கும். சர்வதேச விண்வெளி நிலையத்தில் மேல் கீழ் இல்லை, அதனால் சூடான காற்று எங்கும் ஏறாது, சூடான பொருளைச் சுற்றியே போர்வைபோல் நிற்கும். அங்கே காற்றால் குளிரும் கருவிகள் எல்லாவற்றுக்கும் ஃபேன் வேண்டும். உயரமான மலைப் பகுதிகளிலும் காற்றின் அடர்த்தி குறைவதால் இரண்டு வகையுமே பலவீனமாகும்.

அப்படியானால் கணினிகளுக்கு ஃபேன் எப்போது கட்டாயமானது? 1980-களின் இன்டெல் 386 ப்ராசஸர்கள் இரண்டு மூன்று வாட் எடுத்தன, தலையில் ஹீட் சிங்க்கூட இல்லாமல் ஓடின. அடுத்து வந்த 486 காலத்தில் ஹீட் சிங்க் ஒட்டிக்கொண்டது. 1993-இல் பென்டியம் 15 வாட்டை நெருங்கியதும் ஃபேனும் வழக்கமானது. அதற்குப் பிறகும் ஃபேனைத் தவிர்க்க நல்ல முயற்சிகள் நடந்திருக்கின்றன. 2000-இல் வந்த ஆப்பிளின் ஜி4 க்யூப், நடுவில் புகைபோக்கி மாதிரி ஒரு வழி விட்டுக் காற்றைத் தானாக ஏறவிட்டது. 2021-இல் நோக்டுவா நிறுவனம் வெளியிட்ட என்எச்-பி1 கூலர், ஃபேன் இல்லாமல் டெஸ்க்டாப் ப்ராசஸரைக் குளிர்விப்பதற்காகவே செய்தது. வெப்பத்தைத் தகடுகளுக்குக் கடத்தும் ஆறு குழாய்கள் (ஹீட் பைப்), தடித்த தகடுகள், அகலமான இடைவெளி, எடை ஏறக்குறைய 1.2 கிலோ. நான் மேலே சொன்ன விதிகள் எல்லாம் அதன் உருவத்திலேயே தெரியும்.

சரி, பெரிய ஃபேனோ வேகமான ஃபேனோ போட்டால் எல்லாம் தீர்ந்துவிடுமா என்றால், அதற்கும் எல்லை உண்டு. வேகத்தை இரண்டு மடங்காக்கினால் வெப்பப் பரிமாற்றம் 1.4-இலிருந்து 1.7 மடங்கு வரைதான் உயரும். அதற்கு ஃபேன் எடுக்கும் மின்சாரம் எட்டு மடங்கு, சத்தம் சுமார் 15 டெசிபெல் கூடுதல். அதோடு, சிப்புக்குள்ளும் தெர்மல் பேஸ்ட்டிலும் ஒரு வெப்பநிலை வீழ்ச்சி இருக்கிறது. 65 வாட்டில் அது இருபது டிகிரி அளவுக்கு வரலாம். எந்த ஃபேனும் அதைத் தொட முடியாது. இதே காரணத்தால் திரவக் குளிர்விப்பும் மந்திரமில்லை. அது வெப்பத்தைச் சிப்பிலிருந்து பெரிய ரேடியேட்டருக்கு எடுத்துப் போகிறது, அங்கிருந்து காற்றுக்குத் தள்ள மறுபடியும் ஃபேன்தான்.

நான் இதுவரை சொன்னதில் எதை எவ்வளவு நம்பலாம் என்பதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். எல்லைப்படலம், அழுத்தம், இடைவெளி பற்றிச் சொன்னவை உறுதியானவை. திறந்த வெளியில் நிற்கும் தகட்டுக்கான சூத்திரங்களும் நன்கு சோதிக்கப்பட்டவை. ஆனால் அந்தச் சூத்திரங்களை மூடிய கேபினெட்டுக்குள் அப்படியே போட்டால் நம்பகம் குறைந்துவிடும். கிராபிக்ஸ் கார்டு, பவர் சப்ளை ஆகியவற்றின் சூடும் அந்தக் காற்றில் கலந்துவிடும் என்பதால், உங்கள் ஹீட் சிங்க்குக்கு ‘அறைக் காற்று’ என்பது உண்மையில் 45 டிகிரியாக இருக்கலாம். அங்கே கணக்கு வழிகாட்டத்தான், தீர்ப்புச் சொல்ல வேண்டியது அளவீடு. அப்புறம், ‘பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும்’ என்று எல்லாவற்றுக்கும் சொல்கிறார்களே, அது உள்ளே திரவம் கொண்ட மின்தேக்கிகளான எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்களுக்கு நல்ல விதி. ப்ராசஸருக்கு அதை அப்படியே நீட்டுவது சரியில்லை. இன்றைய ப்ராசஸர்கள் 95, 100 டிகிரியை எட்டினால் தாமாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஃபேன் இல்லாத கணினியில் முதலில் பாதிக்கப்படுவது பெரும்பாலும் ப்ராசஸர் இல்லை, அதைச் சுற்றியுள்ள, மின்னழுத்தத்தைச் சீராக்கித் தரும் வோல்டேஜ் ரெகுலேட்டர்களும் தகவலைச் சேமிக்கும் எஸ்எஸ்டியும்தான். ப்ராசஸர் ஃபேனின் காற்று இதுவரை அவற்றையும் சேர்த்துக் குளிர்வித்துக்கொண்டிருந்திருக்கும், நாம் அதைக் கவனித்திருக்க மாட்டோம்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதலில் வாட்டில் கை வைப்பேன். ப்ராசஸர் வந்த அட்டைப்பெட்டியில் 65 என்று போட்டிருந்தாலும் ப்ராசஸர் அதோடு நிற்பதில்லை. ஏஎம்டி நிறுவனத்தின், ஏஎம்4 என்ற சாக்கெட்டில் பொருந்தும் வரிசையில் 65 வாட் ப்ராசஸர் 88 வாட் வரை எடுக்க அனுமதி உண்டு. இன்டெல் ப்ராசஸர்கள் சில, கொஞ்ச நேரத்துக்கு நூறைத் தாண்டியும் போகும். பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையில்) மின் வரம்பை 35 அல்லது 45 வாட்டாக வையுங்கள். அன்றாட வேலையில் இழப்பு பெரிதாகத் தெரியாது, வெப்பமோ ஏறக்குறைய பாதியாகிவிடும். பிறகு இப்போதுள்ள ஃபேனையே மெதுவாக ஓட விட்டுப் பாருங்கள். பல பேருக்குச் சத்தப் பிரச்சினை இங்கேயே முடிந்துவிடும். முழு அமைதிதான் வேண்டும் என்றால், ஃபேன் இல்லாமல் ஓடுவதற்கென்றே செய்த ஹீட் சிங்க்கை வாங்குங்கள், கேபினெட்டின் அடியிலும் மேலேயும் தாராளமாகத் திறப்பு இருக்கட்டும், தகடுகளின் சந்துகள் செங்குத்தாக நிற்கட்டும்.

சோதிக்கும்போது பொறுமை வேண்டும். ஒரு கிலோ அலுமினியம் சூடேற நேரம் எடுக்கும். 65 வாட் முழுவதையும் அதுவே உள்வாங்கினாலும் நிமிடத்துக்கு நான்கு டிகிரிதான் ஏறும். அதனால் முதல் பத்து நிமிட அளவு உங்களை ஏமாற்றும், ‘அட, நன்றாகவே இருக்கிறதே’ என்று தோன்றும். கேபினெட்டை மூடி, முழுச் சுமையில் குறைந்தது ஒரு மணி நேரம் ஓட விட்டு, ப்ராசஸரோடு எஸ்எஸ்டி, வோல்டேஜ் ரெகுலேட்டர் வெப்பநிலைகளையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் அறை ஆண்டின் மிகச் சூடான நாளில் இன்றைவிட எத்தனை டிகிரி கூடுமோ அதையும் மேலே கூட்டுங்கள். கூட்டிய பிறகும் ப்ராசஸர் 85 டிகிரிக்குள் நின்றால் அப்படியே விட்டுவிடலாம். அதைத் தாண்டினால், 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்றை நிமிடத்துக்கு 400, 500 சுற்றில் ஹீட் சிங்க்கின் அடியில், மேல்நோக்கி ஊதும்படி வையுங்கள். காதுக்கு எட்டாத அந்த வேகத்தில் ஊதும் திசை முக்கியம், கீழ்நோக்கித் திருப்பி வைத்துவிடாதீர்கள்.